சாயவேர் என்னும் இம்பூரல்

மதுரையிலிருந்து மேலூர்ச் சாலையில் செல்வோர் ஒத்தக்கடையை அணுகும்போது யானைமலையைக் காணாதிருக்க இயலாது. படுத்த யானையை ஒத்த அப்பெரும் பாறை கண்ணை இழுத்துக்கொள்வதால், காலடியில் மிதிபடும் சிறு பூண்டுகளை எவரும் குனிந்து நோக்குவதில்லை. நம் பக்கத்துத் தரிசுகளிலும் மேட்டுநிலங்களிலும் வளரும் அத்தகைய பூண்டுகளுள் ஒன்றைப் பற்றியே இம்மாதம் எழுத முற்பட்டோம். நெய்வோரும் பயிரிடுவோரும் ஒருங்கே உறுப்பினராயுள்ள ஒரு சங்கத்துக்கு அதனினும் பொருத்தமான செடி வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. அதன் பெயர் சாயவேர். சித்த வைத்தியர்கள் அதனை இம்பூரல் என்பர். இராமேசுரவேர் என்ற பெயரும் அதற்கு உண்டு. தெலுங்கு நாட்டார் சிரிவேரு என்றனர். ஆங்கிலேய வணிகர் நம் சொல்லையே திரித்துச் 'சே ரூட்' என்று தங்கள் கணக்கேடுகளில் எழுதிக்கொண்டனர்.

மதுரைச் சேலையின் சிவப்பு என்று ஒரு காலத்தில் பேர் பெற்றிருந்த நிறம் இப்பூண்டின் வேர்ப்பட்டையிலிருந்து வந்தது. இன்று அதனைப் பார்த்தவுடன் பெயர் சொல்லக்கூடியவர் நம் உறுப்பினருள் மிகச் சிலரே இருப்பர். ஆகவே முதலில் செடியின் அடையாளத்தைக் கூறுவோம்.

சாயவேர் தரையோடு படர்ந்து, நுனிகள் மட்டும் நிமிர்ந்து, ஒரு சாண் உயரம் எழும் சிறு செடி. அடியிலிருந்தே பல கிளைகள் பிரியும். தண்டு மெல்லியது; தொட்டால் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். இலைகள் எதிரெதிராக அமைந்தவை. ஊசிபோல் குறுகி, ஓர் அங்குலத்துக்கு உட்பட்ட நீளமுடையவை. ஓரங்கள் கீழ்நோக்கிச் சுருண்டிருக்கும். இலைக்கக்கத்தில் சிறு தளிர்க்கொத்துகள் எழுவதால், தொலைவிலிருந்து நோக்குவார்க்கு ஒரே கணுவில் பல இலைகள் வட்டமாக நிற்பதுபோல் தோன்றும். இரண்டு இலைகளின் அடியையும் இணைக்கும் சிறு செதிலில் மெல்லிய முட்போன்ற மயிர்கள் உண்டு. காப்பியும் வெட்சியும் நுணாவும் சேர்ந்த குடும்பத்துக்கு இச்செதில் ஓர் அடையாளமாகும். சாயவேரும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

பூக்கள் வெண்ணிறம், கடுகைவிடச் சற்றே பெரியவை, நான்கு இதழ்களும் நான்கு மகரந்தத் தாள்களும் உடையவை. ஒரு காம்பின் நுனியிலிருந்து பல சிறு காம்புகள் விரிந்து, சிறு குடைபோலப் பூங்கொத்து நிற்கும். காய் உருண்டு, தலையில் நான்கு பற்களுடன் காணப்படும். முற்றி வெடித்தால் தூசிபோன்ற விதைகள் ஏராளமாகச் சிதறும். நல்ல மழைக்குப் பின் செழித்துப் பூக்கும்.

இவையெல்லாம் மேலே காண்பவை. செடியின் மதிப்பு முழுதும் கீழே இருக்கிறது. ஆணிவேர் நூல்போல் மெலிந்து, பக்கவேர் மிகுதியின்றி நேராக மணலுள் இறங்கும். நன்கு பண்படுத்திய நிலத்தில் அது ஒரு முழத்தையும் தாண்டுவதுண்டு. புதிதாகப் பிடுங்கிய வேரின் பட்டை ஆரஞ்சு நிறமாயிருக்கும். காய்ந்தபின் மங்கிய மஞ்சளாகும். உள்ளே உள்ள நடுத்தண்டு வெண்மையானது. சாயம் பட்டையில்தான் உண்டு, நடுத்தண்டில் இல்லை. பட்டையை நகத்தால் சுரண்டி, வெற்றிலைக்கு வைக்கும் சுண்ணாம்பைச் சிறிது தடவினால் நிறம் சிவப்பை நோக்கித் திரும்பும். வயலோரத்தில் செய்து பார்க்கத்தக்க எளிய சோதனை இது.

இச்சோதனை வேண்டியதற்குக் காரணம் உண்டு. இதே இனத்தைச் சேர்ந்த வேறு சிறு பூண்டுகள் ஈரமான வயல் வரப்புகளிலும் தோட்டங்களிலும் களையாக முளைக்கின்றன. வெள்ளைப்பூ, நான்கிதழ், குறுகிய இலை ஆகியவற்றில் அவை சாயவேரை ஒத்தவை. ஆனால் அவை ஓராண்டுச் செடிகள், தண்டு துவளும், கொத்தில் இரண்டு மூன்று பூக்களே இருக்கும், வேர் சிறுத்து நிறமற்றிருக்கும். சாயவேரோ ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் வாழும், வறட்சியைத் தாங்கும், ஈரத்தை விரும்பாது.

ஸ்வீடன் நாட்டுத் தாவர நூலாரான லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் இதற்கு ஓல்டன்லாந்தியா அம்பெல்லாட்டா என்று பெயரிட்டார். பெயரின் பின்பாதி குடைபோன்ற பூங்கொத்தைக் குறிப்பது. முன்பாதி ஓல்டன்லாந்து என்பவரின் நினைவாக வைத்தது. அவர் ஆப்பிரிக்காவின் தென்முனையில் ஒல்லாந்தக் கம்பெனியின் தோட்டத்தைப் பார்த்துவந்தவர். பூங்கொத்தையும் ஓர் அந்நியரையும் பெயரில் ஏற்றினார்களேயன்றி, உலகமெல்லாம் விலைபோன வேரை ஏற்றவில்லை. தமிழ்ப் பெயர் ஒரே சொல்லில் செய்தியைச் சொல்லிவிடுகிறது!

சோழமண்டலக் கரைதான் இதன் சொந்த நாடு எனலாம். தமிழ்நாட்டின் கடலோர மணல்வெளிகளிலும், ஆந்திரக் கடற்கரையிலும், ஒரிசாக் கரையிலும், இலங்கையின் வடபகுதியில் மன்னார், யாழ்ப்பாணம் பக்கங்களிலும் இது தானாக வளரும். உள்நாட்டில் மணல் கலந்த செம்மண் மேடுகளிலும் தரிசுகளிலும் ஆங்காங்கே காணப்படும். எனினும் கடலோரத்தில் போல் அடர்ந்து வளர்வதில்லை. ஒத்தக்கடையைச் சூழ்ந்த நிலத்திலும் இவ்வேற்றுமையை மனத்திற் கொள்ள வேண்டும். பெரியாற்றுக் கால்வாய் நீர் பாயும் நெல்வயல்களில் இதனைத் தேடுவது வீண். நீர் தங்காத மேட்டுப்புறமே இதற்கு உரிய இடம்.

கடல்வழி வணிகம் பெருகிய நாட்களில் இப்பூண்டு அரசர்க்கும் கம்பெனிகளுக்கும் பொருளாயிற்று. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மசூலிப்பட்டணத்தில் இருந்த ஆங்கில வணிகர் வில்லியம் மெத்வோல்ட், 1626-இல் அச்சான தமது கோல்கொண்டாக் குறிப்பில், நிஜாம்பட்டணத்துப் பக்கத்தில் விளைந்த சாயவேரைப் புகழ்ந்திருக்கிறார். இலங்கையில் ஒல்லாந்தர் ஆண்ட நாளில் சாயவேர் எடுப்பது அரசாங்கத்தின் தனியுரிமையாக இருந்தது. நம் கரையில் சமயத் தொண்டு புரிந்த பிரெஞ்சுப் பாதிரியார் கேர்டூ, துணியில் சித்திரம் எழுதும் முறையைக் கைவினைஞரிடம் கேட்டறிந்து 1742-ஆம் ஆண்டில் ஐரோப்பாவுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் சாயவேரை அதன் தமிழ்ப் பெயராலேயே குறித்தார். வில்லியம் ராக்ஸ்பரோ 1795-இல் வெளியிடத் தொடங்கிய சோழமண்டலக் கரைத் தாவரங்கள் என்ற நூலின் முதற்பகுதியிலேயே இதன் படத்தையும் விவரத்தையும் சேர்த்தார். பயிரிட்ட வேரைவிடக் காட்டில் தானாக வளர்ந்த வேர் குட்டையாயினும், அதில் சாயம் காற்பங்கு கூடுதல் என்றும் நிறமும் மேலானது என்றும் சாயக்காரர் கருதியதாக அவர் எழுதியுள்ளார். இக்குறிப்பைப் பின்னர் மறுபடியும் எடுத்துக்கொள்வோம்.

இனி, வேரிலிருந்து நிறம் துணியில் ஏறும் வகையைக் காண்போம். நெசவாளராகிய உறுப்பினர் இதனைச் சற்று நிதானமாகப் படிக்குமாறு வேண்டுகிறோம்.

வேர்ப்பட்டையில் உள்ள முக்கியமான சாயப்பொருள் அலிசரின். ஐரோப்பாவில் பயிரான மாடர் என்னும் வேரிலும் இதுவே தலைமையான பொருள். நம் மலைகளில் கொடியாகப் படரும் மஞ்சிட்டியில் தலைமை பெறுவது பர்ப்புரின் என்னும் வேறொரு பொருள். ஆகவே மஞ்சிட்டிச் சிவப்பும் சாயவேர்ச் சிவப்பும் ஒன்றல்ல. அலிசரினுக்கு ஒரு குணம் உண்டு. வெறும் பருத்தித் துணியை வேர் ஊறிய நீரில் எத்தனை நாழிகை அமிழ்த்தினாலும் அழுக்கு மஞ்சள்போல் ஏதோ படியுமேயன்றிச் சிவப்பு ஏறாது; படிந்ததும் வெளுப்பில் போய்விடும். துணியில் முன்னதாகவே படிகாரத்தைப் பிடிக்கவைத்திருந்தால், அதிலுள்ள அலுமினியத்தோடு அலிசரின் பிணைந்து சிவப்பாகும். இரும்புக் கரைசல் தடவிய இடத்தில் அதே சாயநீர் கருமையையும் ஊதாவையும் தரும். கடுக்காய்ச் சாறும் இரும்பும் சேர்ந்தால் நல்ல கறுப்பு வரும். ஒரே அண்டாவில், ஒரே வேரில், ஒரே கொதியில், ஒரு துணி பல நிறங்களுடன் வெளிவருவது இக்காரணத்தாலேயே. இவ்வித்தையைக் கண்டு அயல்நாட்டார் வியந்ததில் வியப்பில்லை.

மதுரையில் சௌராஷ்டிரச் சாயக்காரர் கையாண்ட முறையோ இன்னும் நுட்பமானது. நூலை நல்லெண்ணெயிலும், உமரிச் செடியை எரித்த சாம்பலின் தெளிநீரிலும் மாறிமாறித் தோய்த்து வெயிலில் உலர்த்துவர். இது ஒரு நாள் வேலையன்று. பல நாட்கள் திரும்பத் திரும்பச் செய்வது. சாம்பலின் காரத்தால் எண்ணெய் பால்போல் கலங்கி நூலின் உள்ளே புகும். வெயிலும் காற்றும் பட்டு அங்கேயே இறுகும். பின்னர் வரும் அலுமினியத்தைக் கெட்டியாகப் பற்றிக்கொள்ளும். அலுமினியத்துக்குப் படிகாரம் ஒன்றே வழி என்பதில்லை. காசா இலையையும் சாயவேரோடு சேர்த்துக் காய்ச்சுவது தென்னாட்டு வழக்கமாயிருந்தது. காசாச் செடி மண்ணிலுள்ள அலுமினியத்தை உறிஞ்சித் தன் இலையில் சேமித்து வைக்கும் இயல்புடையது என்று இரசாயன நூலார் பிற்காலத்தில் கண்டறிந்தனர். புத்தகம் படியாத நம் முன்னோர் கையனுபவத்தாலேயே அதனைத் தேர்ந்தெடுத்திருந்தனர்.

நீருக்கும் இதில் பங்குண்டு. சிவப்பு முழுமை பெறுவதற்கு அலுமினியத்தோடு சுண்ணாம்புச் சத்தும் சிறிது வேண்டும். சாயக்காரர் இந்தக் கிணற்று நீர்தான் வேண்டும், அந்தக் கிணறு ஆகாது என்று பிடிவாதம் பிடித்தது மூடநம்பிக்கை அல்ல. ஐரோப்பாவில் துருக்கிச் சிவப்பு என்று பேர் பெற்ற நிறமும் எண்ணெய், காரம், படிகாரம், அலிசரின் வேர் என்ற இதே வரிசையில் உண்டானதே. பிரெஞ்சு நாட்டார் அம்முறையைக் கீழ்த்திசைச் சாயக்காரரிடமிருந்து 18-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் கற்றுக்கொண்டனர்.

இவ்வளவு பெருமையும் சரிந்தது ஒரு சோதனைச் சாலையில். 1868-இல் பெர்லினில் கிரேபே, லீபர்மன் என்ற இரு இரசாயனர் நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருளைக்கொண்டு அலிசரினைச் செயற்கையாக ஆக்கிக் காட்டினர். 1869 ஜூன் மாதத்தில் அவர் தரப்பினரும் ஆங்கிலேயரான பெர்க்கினும் ஒரு நாள் இடைவெளியில் இலண்டனில் உரிமை கோரினர். அதன்பின் பத்தாண்டுக்குள் பிரான்ஸ் நாட்டில் மாடர் பயிரிட்ட குடியானவர் நிலை குலைந்தனர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் டப்பாவில் அடைத்த ஜெர்மானியச் சாயம் மதுரைப் பட்டறைகளுக்கும் வந்தது. எட்வின் ஹோல்டர் என்பவர் சென்னை மாகாணத்துச் சாயத்தொழிலைப் பற்றி 1896-இல் தனி நூல் எழுதினார். பழைய வேர்களுக்கும் புதிய பொடிகளுக்கும் இடையே தொழில் ஊசலாடிய காலம் அது. வேர் தோண்டியவர் வேறு வேலைக்குப் போயினர். பயிரிட்டவர் வேறு பயிருக்கு மாறினர். செடி மட்டும் எவர் தயவையும் வேண்டாமல் தரிசில் நின்றுகொண்டிருக்கிறது.

இங்கே ஓர் உண்மையை மறைக்காது சொல்ல வேண்டும். செயற்கை அலிசரினும் வேரின் அலிசரினும் இரசாயனத்தில் ஒரே பொருள். வேர் என்பதனாலேயே அதற்கு மந்திர சக்தி ஏதும் வந்துவிடாது. வேரில் அலிசரினோடு உடன்பிறந்த வேறு சில பொருள்களும் இருப்பதால் நிறத்தில் ஒரு மென்மை தோன்றும், வேற்றுமை அவ்வளவே. 'இயற்கைச் சாயம்' என்ற சீட்டை ஒட்டிவிட்டால் கழிவுநீர் தானே தூய்மையாகிவிடும் என்று நினைப்பதும் தவறு. படிகார நீரும் எண்ணெய்ச் சாம்பல் நீரும் வாய்க்காலில் விடத்தக்கவை அல்ல.

அப்படியாயின் இப்பூண்டைப் பற்றி இன்று பேசுவானேன்? செயற்கைச் சாயம் அலிசரினோடு நிற்கவில்லை, ஆயிரக்கணக்கில் பெருகிற்று. அவற்றுள் அஸோ வகையைச் சேர்ந்த சில, புற்றுநோய் விளைக்கும் பொருள்களாகச் சிதைவதைக் கண்டு ஜெர்மனி 1994-இல் அவற்றுக்குத் தடை விதித்தது. இந்தியாவும் 1990-களில் அவ்வகைச் சாயங்களைத் தடுத்து ஆணையிட்டது. நொய்யல் ஆற்றின் கேட்டை முன்னிட்டு 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதை நம் உறுப்பினர் மறந்திருக்கமாட்டார்கள். மதுரைச் சுங்குடி 2005-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அச்சேலையின் முடிச்சு நம் ஊர்ப் பெண்டிரின் விரலிலிருந்து வருகிறது. நிறமோ பெரும்பாலும் டப்பாவிலிருந்து வருகிறது. வேர்ச் சாயம் தோய்த்த துணியைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவோர் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் இருக்கின்றனர். ஆகவே, மறுபடியும் சாயவேரைத் தேடி வியாபாரிகள் வருவர். அவர்கள் வரும்போது நம் தரிசு நிலத்துக்கு என்ன நேரும் என்பதே நம் கவலை.

சிறு கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். வேர்ச் சாயங்களுக்குப் பொதுவாகத் துணியின் எடையில் பாதி முதல் சம எடை வரை காய்ந்த வேர் வேண்டும். ஒரு பருத்திச் சேலை அரைக் கிலோ எனில், நூறு சேலைக்கு 25 கிலோ முதல் 50 கிலோ வரை வேர் தேவை. நூல்போன்ற வேர் காய்ந்தபின் செடிக்கு 2 கிராம் என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். நூறு சேலைக்கு 12,500 செடிகள் முதல் 25,000 செடிகள் வரை பிடுங்கியாக வேண்டும். வேரைப் பிடுங்கினால் செடி மடிகிறது. இலை பறிப்பதுபோன்ற காரியமன்று இது. காய் முற்றுமுன் பிடுங்கினால் விதையும் போயிற்று. போதாக்குறைக்கு, இருமலுக்கும் இரத்தம் கக்கும் நோய்க்கும் சித்த வைத்தியத்தில் இம்பூரல் வழங்குவதால், நாட்டு மருந்துக் கடைகளின் தேவையும் இத்துடன் சேருகிறது. காட்டு வேருக்குக் காற்பங்கு சாயம் கூடுதல் என்ற ராக்ஸ்பரோவின் குறிப்பை இப்போது நினைத்துப் பாருங்கள். வாங்குவோர் அனைவரும் பயிர் வேரை ஒதுக்கிக் காட்டு வேரையே கேட்பர். அவ்வாறு கேட்டால் இரண்டு மூன்று பருவத்தில் ஒரு வட்டாரமே வெறுமையாகும்.

எனவே தரிசில் வளரும் சாயவேரை விலைக்காகப் பிடுங்குவதை நம் உறுப்பினர் ஏற்கலாகாது என்பது எம் கருத்து. சாயத்துக்கு வேண்டிய வேரைப் பயிரிட்டே எடுக்க வேண்டும். கிருஷ்ணையாற்றுக் கரையிலும் நெல்லூர்ப் பக்கத்திலும் முன்னாளில் அவ்வாறே பயிரிட்டனர். புதுமை ஏதும் இல்லை. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. வேர் முதிர இரண்டு ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்த நிலத்திலிருந்து காசு வராது. வாங்குவார் யாரென்று தெரியாமல் எந்த விவசாயி நிலத்தை முடக்குவார்? வேர் கிடைக்குமா என்று தெரியாமல் எந்த நெசவாளர் எண்ணெய்ச் சாம்பல் முறைக்கு அண்டா வைப்பார்? தனித்தனியே இருவரும் ஒருவரையொருவர் எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பர். நெசவுப் பகுதியையும் விவசாயப் பகுதியையும் ஒரே புத்தகத்தில் வைத்திருக்கும் நம் சங்கங்கள் இதற்கு முன்வரலாம். விதைக்கும் முன்பே கொள்முதல் விலையை எழுத்தில் நிர்ணயித்து, முதல் ஆண்டு முடிவில் செடியின் நிலையைப் பார்த்து ஒரு பகுதியை முன்பணமாக அளித்தால், ஐந்து சென்ட் பத்து சென்ட் அளவில் சோதித்துப் பார்க்க ஆள் கிடைக்காமற் போகாது. ஏக்கர் கணக்கில் எவரும் இறங்க வேண்டாம் என்றே எச்சரிக்கிறோம். நூறு சேலையின் சாயமே ஒரு சங்கத்துக்கு முதற்கண் போதும்.

நிலத் தேர்வில் கவனம் தேவை. களிமண்ணும் கரிசலும் ஆகா. வேர் நேராக இறங்காது. பிடுங்கும்போது பாதியில் அறும். நீர் வடியும் மணற்சாரி நிலத்தை ஆழமாக உழுது, ஆட்டுக்கிடை மறித்து எருவேற்றிப் புழுதி பறக்கும்வரை பண்படுத்த வேண்டும். விதை தூசிபோன்றதாகையால் நேரே விதைத்தால் ஓரிடத்தில் குவிந்துவிடும். ஒரு பங்கு விதைக்குப் பல பங்கு உலர்ந்த மெல்லிய மணலைக் கலந்து, மண்ணால் மூடாமல் மேலாகத் தூவி, பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். வாய்க்கால் நீரை வேகமாகத் திறந்தால் விதை முழுதும் ஒரு மூலைக்குப் போய்விடும். முளைத்த முதல் மாதம் களைகளுக்கு நடுவே இதனை அடையாளம் காண்பதே கடினம். களை எடுக்க வருவோர்க்குச் செடியைக் கையில் காட்டிச் சொல்லிவைப்பது நல்லது.

விதைக்கு எங்கே போவது எனில், முற்றிய காய்களைத் தரிசுச் செடிகளிலிருந்து கொத்தாகக் கிள்ளித் துணிப்பையில் உலர்த்தினால் அவை தாமே வெடித்து விதை உதிரும். செடியை அசைக்க வேண்டியதில்லை. கிள்ளிய கொத்து சாயவேருடையதுதானா என்ற ஐயம் எழுந்தால், பூவும் காயும் உள்ள ஒரு கிளையைச் செய்தித்தாளின் மடிப்பில் வைத்து அழுத்தி, ஒத்தக்கடையில் 1965 முதல் இயங்கும் வேளாண்மைக் கல்லூரியில் தாவரம் அறிந்தவரிடம் காட்டிக் கேட்கலாம். பையிலுள்ள விதையைக் காற்றுப் படாமல் மூடிவைத்து, மழைக்காலம் தொடங்கும்போது எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் ஆண்டின் இறுதியில் வேர் எடுக்கும் முன்பு, பாத்திக்கு ஐந்தாறு செடிகளை விதைக்கென விட்டுவைக்க வேண்டும். முந்திய மாலையில் நிலத்தை நன்றாக நனைத்துவிட்டு, மறுநாள் காலையில் கடப்பாரையால் பக்கத்து மண்ணை நெகிழ்த்தினால் வேர் அறாமல் வரும். மண்ணை உதறி, நிழலில் உலர்த்தி, கைப்பிடி அளவுக் கட்டுகளாகக் கட்டி, ஈரம் படாத இடத்தில் வைக்கலாம். சாயம் பட்டையில் இருப்பதால் கட்டுகளைப் போட்டு உராய விடலாகாது. உதிர்ந்த பட்டைத் தூளையும் கூட்டி எடுத்து அண்டாவிலேயே சேர்த்துவிட வேண்டும்.